பழைய வீடியோ கேமராவும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் பெட்டியில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த ஹேண்டிகேம் ஆயினும், மணமேடைகளின் முன்னே வீடியோக்காரர்கள் தோளில் சுமந்து நின்ற பானசோனிக் எம்-3000 போன்ற கனத்த வி.எச்.எஸ். கேமரா ஆயினும், நாடாவில் படம் பதித்த அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை இன்று பரண்களில் ஓடாமல் கிடக்கின்றன. அவற்றைச் செய்த கம்பெனிகள் அவ்வகை உற்பத்தியைக் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. உதிரிபாகம் வைத்திருந்த சர்வீஸ் சென்டர்கள் மூடப்பட்டோ வேறு தொழிலுக்கு மாறியோ போயின. ஹெட் மாற்றவும் மெக்கானிசம் பூட்டவும் தெரிந்த மெக்கானிக்குகள் முதுமை எய்திவிட்டார்கள். ஆகவே, பழுதான வீடியோ கேமராவை அதன் சொந்தக்காரர் தம் வீட்டு மேஜையில் வைத்துத் தாமே திறந்து சீர்செய்வது சாத்தியமா, சாத்தியமானால் எவ்வளவு தூரம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்னும் கேள்வி, ஒரு காலத்தில் பொழுதுபோக்குக்காரர்களின் விவகாரமாக இருந்தது போய், இப்போது சாதாரணக் குடும்பங்களின் விவகாரமாகிவிட்டது.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் வழக்கத்தில் இருக்கின்றன. தொழில் தெரிந்தவர்களில் பலர், இத்தனை நுட்பமான யந்திரத்தை அனுபவமில்லாதவர் திறப்பது அதைக் கொல்வதற்குச் சமம், ஆகையால் மூடியைக்கூடத் தொடக்கூடாது என்பார்கள். ஆர்வத்தினால் தாமாகவே கற்றுக்கொண்டவர்களோ, பொறுமையும் நல்ல ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் எதையும் பிரித்துப் பூட்டலாம் என்பார்கள். இரு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பிரயோஜனத்துக்காகப் பழுதுபார்க்கிறோம் என்பதை இரு கட்சியாருமே முதலில் கேட்டுக்கொள்வதில்லை. புதிதாகப் படம் எடுப்பதற்கு இன்று யாருக்கும் அந்தக் கேமரா வேண்டியதில்லை. சட்டைப் பையிலுள்ள கைபேசி அதைவிடத் தெளிவாக எடுத்துவிடும். ஆனால் வீடியோ-8, ஹை-8, மினி-டிவி ஆகிய சிறு கேசட்டுகளைப் பொறுத்தவரை, படம் எடுத்த கேமராவேதான் படம் காட்டும் டெக்காகவும் இருந்தது. வி.எச்.எஸ். கேசட்டுக்குத் தனியே வி.சி.ஆர். வாங்கியவர்கள் எத்தனையோ பேர். இவற்றுக்கெனத் தனி டெக் வாங்கிய குடும்பங்கள் மிகச் சிலவே. கேமரா நின்றுபோகும்போது, காலமான பாட்டியின் குரலும், இன்று கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் தள்ளாட்ட நடையும் அந்த நாடாவுக்குள்ளேயே அடைபட்டுவிடுகின்றன. கேமராவைப் பழுதுபார்ப்பது, என் அபிப்பிராயத்தில், நாடாவை வாசிப்பதற்கு வேண்டிய ஆயத்தமேயாகும். இந்த நோக்கத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காலமும் அதிகமில்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-ஆம் ஆண்டிலேயே, காந்த நாடாவில் உள்ளவற்றை 2025-க்குள் டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளாவிட்டால் அவற்றில் பெரும்பகுதி கைநழுவிப் போகும் என்று எச்சரித்தது. 2019-இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து அதே எச்சரிக்கையை உலகெங்கும் எழுப்பின. நாடா மக்கிப்போவது ஓர் அபாயந்தான். ஆனால் அதை ஓட்டும் யந்திரமும், யந்திரம் அறிந்த கைகளும் அருகிப்போவது அதற்கும் முன்னால் வந்து நிற்கும் அபாயம் என்பதே அவ்வெச்சரிக்கைகளின் சாரம். வி.சி.ஆர். உற்பத்தியைக் கடைசிவரை நடத்திவந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில், உதிரிபாகம் கிடைக்கவில்லை என்பதும் ஒன்று.

யந்திரத்தின் வயதை அறிந்தால் அதன் நோயைப் பாதி அறிந்துவிடலாம். வீட்டு உபயோகத்துக்கென்று கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாய் இணைந்து வந்த முதற்கருவி 1983-இல் சோனி வெளியிட்ட பீட்டாமூவி. அது பதிவுசெய்யும், ஆனால் பதிவானதைத் திருப்பிக் காட்டாது. அடுத்த ஆண்டு ஜே.வி.சி.யின் ஜி.ஆர்-சி1 சிறிய வி.எச்.எஸ்.-சி கேசட்டுடன் வந்தது. 1985-இல் சோனியின் முதல் எட்டு மில்லிமீட்டர் கேமராவும், 1989-இல் பாஸ்போர்ட் அளவு என்று விளம்பரம் செய்யப்பட்ட, 790 கிராமே எடைகொண்ட டி.ஆர்-55-உம், 1995-இல் டிஜிட்டல் நாடாவில் பதியும் வி.எக்ஸ்-1000-உம் வந்தன. ஒவ்வொரு படியிலும் எடை குறைந்தது. குறைந்த எடைக்கு ஈடாக ஏதேனும் ஒரு பாகத்தின் ஆயுள் விலையாகக் கொடுக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்துக் கருவிகளில் ரப்பர் பெல்ட்டு தளர்வதும் படக்குழாய் மங்குவதும் வழக்கம். 1980-களின் பிற்பகுதி முதல் 1990-களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் கெபாசிட்டர் கசிவு. அதற்குப் பின் வந்தவற்றில் ரிப்பன் கேபிள் முறிவும் பிளாஸ்டிக் பல்சக்கர வெடிப்பும். 2002 முதல் 2004 வரை செய்யப்பட்ட சிலவற்றில் சென்சார்.

திறப்பதற்கு வேண்டிய உபகரணங்கள் சொற்பமே. ஆயினும் அவற்றில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஜப்பானியக் கருவிகளின் திருகுத் தலையிலுள்ள சிலுவைப் பள்ளம் ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தொழில் தரத்தின்படி வெட்டப்பட்டது. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனை அதில் அடிவரை இறங்காமல், அழுத்தித் திருப்பும்போது மேலே நழுவி எழுந்து, பள்ளத்தை மழுக்கிவிடும். மழுங்கிய ஒரே ஒரு திருகு முழு வேலையையும் நிறுத்திவிடுமாதலால், ஜே.ஐ.எஸ். முனையுள்ள சிறு ஸ்க்ரூடிரைவரைத் தேடி வாங்குவது முதற்கடமை. கழற்றிய திருகுகளைக் கிண்ணத்தில் கொட்டி வைப்பதும் தவறு. கேமராவின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தாளில் கோட்டுருவமாக வரைந்து, எடுத்த திருகை எடுத்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டிவைக்கவேண்டும். ஏனெனில் பார்வைக்கு ஒரே மாதிரியான திருகுகள் நீளத்தில் வேறுபடும். நீளமான திருகைக் குட்டையான துளையில் இறுக்கினால் அதன் நுனி உள்ளேயுள்ள சர்க்யூட் போர்டைக் குத்திக் கெடுத்துவிடும். பழைய கேமராக்களின் கறுப்பு-வெள்ளை வியூஃபைண்டரில் இருப்பது ஒரு குட்டி டி.வி. படக்குழாய், அதற்குச் செல்லும் மின்சாரம் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்டது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது தங்கியிருக்குமாதலால், வியூஃபைண்டர் பகுதிக்கு அவசியமின்றிக் கைகொண்டு போகாதிருப்பதே உத்தமம். ஃபிளாஷ் உள்ள மாடல்களில் அதன் கெபாசிட்டருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆனால் திறக்காமலே தீரும் பழுதுகள் பல உண்டு என்பதை நினைவில் வைக்கவேண்டும். செத்துவிட்டதாகக் கருதப்படும் கேமராக்களில் பலவற்றில் செத்தது பேட்டரியே. எம்-3000 வகைக் கேமராக்கள் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடியவை. பிற்கால ஹேண்டிகேம்களில் இருப்பது இரண்டு லித்தியம் செல் தொடராக இணைந்த 7.2 வோல்ட் பேட்டரி. அதற்குரிய அடாப்டர் 8.4 வோல்ட் தரும். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த லித்தியம் பேட்டரியைப் பிரித்துச் செல் மாற்றுவதை வீட்டில் செய்யவே கூடாது; அது தீப்பற்றும் பொருள். உரிய அடாப்டரை மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டு, அதைக்கொண்டு கேமராவை ஓட்டிப் பார்ப்பதே முதற்பரீட்சை. அதற்கும் உயிர் வராவிட்டால், அடாப்டர் சொருகும் ஜாக்கின் சால்டரிங் விட்டுப்போயிருக்கிறதா, போர்டில் கடுகளவு இருக்கும் ஃப்யூஸ் போயிருக்கிறதா என்று மல்டிமீட்டரின் தொடர்ச்சிப் பரீட்சையால் பார்க்கலாம். துருவம் மாறிய அடாப்டரைச் சொருகிய வீடுகளில் ஃப்யூஸ் போயிருப்பது சகஜம்.

கேமரா ஓடுகிறது, ஆனால் ஏதோ எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது என்றால், அந்த எண்ணே நோயின் பெயர். சோனி கருவிகளில் சி:21 என்பது உள்ளே ஈரம் படிந்ததற்கும், சி:22 என்பது ஹெட்டில் அழுக்குப் படிந்ததற்கும் அடையாளம். சி:31, சி:32 என்று தொடங்குபவை நாடாவை இழுத்துச் செல்லும் யந்திரப் பகுதியைக் குறிப்பவை. இ:61, இ:62 என்பவை லென்ஸ் பகுதியைச் சேர்ந்தவை. ஈரம் என்று காட்டினால், கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தபடி உலர்ந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்தாலே போதும். அவசரப்பட்டு ஹேர் டிரையரின் வெப்பக் காற்றைச் செலுத்துவது பிளாஸ்டிக் பாகங்களைக் கோணலாக்கும். லென்ஸ் பழுதைக் குறிக்கும் எண் வந்தாலும், பிளே செய்யும் நிலையில் பல கேமராக்கள் ஓடும். ஓடினால், நம் நோக்கத்துக்கு லென்ஸைத் தொடவே வேண்டியதில்லை.

வீட்டுப் பழுதுபார்ப்பில் மிகுதியும் பலன் தருவதும், மிகுதியும் கேடு விளைவித்திருப்பதும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் காரியமே; அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால் கை தானாகவே மெதுவாகும். கேசட் உள்ளே போனதும் நாடா வெளியே இழுக்கப்பட்டு, சாய்வாக நிற்கும் ஒரு பளபளப்பான உலோக உருளையைச் சுற்றிக்கொள்கிறது. மெக்கானிக்குகள் டிரம் என்று சொல்லும் அந்த உருளை மினி-டிவி கேமராவில் 21.7 மில்லிமீட்டர் விட்டமே உடையது. நிமிடத்துக்கு 9,000 தடவை சுழல்வது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள், கூர்ந்து பார்த்தாலன்றித் தெரியாத இரண்டு புள்ளிகளாக, வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாடா நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை; ஆனால் ஹெட் அதன்மேல் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் சரிவாகக் கோடிழுத்துச் செல்கிறது. ஒரு கோட்டின் அகலம் பத்து மைக்ரான், அதாவது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. நம் நாட்டு டி.வி. முறையான பால் (PAL) முறையில் ஒரு முழுப் படத்துக்குப் பன்னிரண்டு கோடுகள். அவற்றை இரு ஹெட்டுகளும் மாறி மாறி எழுதுகின்றன, மாறி மாறிப் படிக்கின்றன. ஆகையால்தான், ஒரு ஹெட்டில் மட்டும் நாடாத் துகள் அடைத்துக்கொண்டால், திரையில் ஒரு பட்டை சரியாகவும் அடுத்த பட்டை கட்டம் கட்டமாகச் சிதறியும் தெரிகிறது; இரண்டிலும் அடைத்துவிட்டால் வெறும் நீலத்திரை. எட்டு மில்லிமீட்டர்க் கேமராவில் இதே நோய் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டுவதுபோலவும், படம் துடிப்பது போலவும் காணும். இந்த அடையாளத்தைக் கண்டுவிட்டால் பழுது பெரியதல்ல என்று ஆறுதல் கொள்ளலாம்.

சுத்தம் செய்யும் முறை இது. கேசட் மூடியைத் திறந்துவைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நார் உதிராத மெல்லிய தோல் துண்டையோ, அதற்கென்றே விற்கும் சமோய் குச்சியையோ நனைத்துப் பிழிந்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் ஒற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொரு கையின் விரல் நுனியால் டிரம்மின் உச்சியைத் தொட்டு அதை மெதுவாகச் சுற்றவேண்டும். துண்டு அசையக்கூடாது, டிரம்தான் சுழலவேண்டும். ஒவ்வொரு ஹெட்டும் துண்டைக் கடக்கும்போது விரலுக்கு இலேசான ஒரு தடங்கல் தெரியும்; சில சுற்றில் துண்டில் பழுப்பு நிறக் கோடு படிந்துவிடும். எந்தக் காரணம் பற்றியும் துண்டை மேலும் கீழுமாகத் தேய்க்கலாகாது. ஹெட்டின் நுனி ஃபெரைட் என்னும் நொறுங்கும் பொருளாலானது, செங்குத்தாக வரும் சிறு இழுப்பிலேயே உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியின் நார் சிக்கினாலும் அதே கதி. நாடாவை அழுத்திச் செல்லும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹால் ஆகாது, ரப்பர் காய்ந்து வெடிக்கும். அதை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுவதே நல்லது. கடைகளில் விற்ற ஹெட் கிளீனிங் கேசட்டை ஓரிரு தடவை, பத்து விநாடிக்கு மேற்படாமல் ஓட்டலாம்; அதற்குமேல் அது ஹெட்டையே அரைக்கத் தொடங்கும். ஆல்கஹால் முற்றிலும் உலர்ந்தபின், முக்கியமல்லாத ஒரு கேசட்டைத்தான் முதலில் போட்டுப் பார்க்கவேண்டும்.

கேசட் உள்ளே சிக்கிக்கொள்வது அடுத்த பெருந்தொல்லை. பெரும்பாலும் பலவந்தமாக இழுத்ததனாலேயே இது மீளாப் பழுதாக முடிகிறது. உள்ளே நாடா டிரம்மைச் சுற்றி வளைந்து கிடக்கும்போது கேசட்டை இழுத்தால், நாடா மடங்கி நசுங்கும். தாங்கும் தட்டின் மெல்லிய கை வளையும். பேட்டரியை எடுத்துச் சில நிமிடம் கழித்து மறுபடி இணைத்தால், பல சமயம் யந்திரம் தானாகவே நாடாவைச் சுருட்டிக் கேசட்டை விட்டுவிடும். விடாவிட்டால், பக்க மூடியைத் திறந்து, நாடாவை ஏற்றி இறக்கும் சிறு மோட்டாரின் இரு முனைகளில் மூன்று வோல்ட்டளவு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து, அந்தப் பல்சக்கரங்களைப் படிப்படியாகப் பின்னோக்கி நகர்த்தலாம். நகர நகர, தளர்ந்து தொங்கும் நாடாவைக் கேசட்டின் சுருளைச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நலம். இவ்வளவுக்கும் காரணம் பெரும்பாலும் கெட்டித்துப்போன பழைய கிரீஸ்தான். வழுக்கவேண்டிய பசை பிசினாகிவிட்டதால் மோட்டார் திணறுகிறது. பழையதை ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஏற்ற செயற்கைக் கிரீஸைக் குண்டூசி நுனியளவு வைப்பது வீட்டில் செய்யத்தக்க வேலையே. வெடித்த பல்சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டுவது வீண்; அது ஒரு வாரம் தாங்காது.

இனி கெபாசிட்டர். மேற்சொன்ன காலத்து எட்டு மில்லிமீட்டர், வி.எச்.எஸ்.-சி கேமராக்களில், போர்டின்மேல் நேராக ஒட்டப்பட்ட சிறிய அலுமினிய டப்பாக்களாக டஜன் கணக்கில் இவை இருக்கின்றன. உள்ளேயுள்ள ரசாயனத் திரவம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பைத் தானே அரித்து, வெளியே கசிந்து, போர்டின் செப்புக் கோடுகளைத் தின்கிறது. நிறம் போய்விடும், ஒலியில் உறுமல் வரும், வியூஃபைண்டர் இருண்டுவிடும், கடைசியில் கேமரா உயிரே காட்டாது. சால்டரிங் அயர்னை அருகில் கொண்டுபோனதும் எழும் மீன் நாற்றம் இந்நோயை ஐயமற உறுதிப்படுத்தும். பயன்படுத்தாமல் வைத்திருப்பது இதற்கு மருந்தல்ல. ஒரு தடவைகூட ஓடாமல் பெட்டிக்குள்ளேயே இருந்த கேமராவும் கசியும்.

இதை வீட்டில் மாற்றலாமா? மாற்றியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் போர்டிலுள்ள பட்டைகள் அரிப்பினால் ஏற்கெனவே பலவீனப்பட்டிருப்பதால், ஒரு காலை மட்டும் சூடாக்கி இழுத்தால் கெபாசிட்டருடன் பட்டையும் பெயர்ந்து வந்துவிடும். இரு கால்களையும் ஒருங்கே சூடாக்கவேண்டும். எடுத்தபின் கசிவைத் துடைத்துக் கழுவவேண்டும். புதியதைத் திசை மாறாமல் வைக்கவேண்டும். அலுமினிய டப்பாவின் தலையிலுள்ள கறுப்பு அடையாளம் எதிர்மறை முனையைக் காட்டுவது. அதற்குப் பதிலாகச் சிலர் பொருத்தும் டேண்டலம் கெபாசிட்டரின்மேல் உள்ள கோடோ நேர்மறை முனையைக் காட்டுவது. இந்த ஒரு மாறுபாட்டைக் கவனியாதவர் கையில் புதிய பாகம் புகைந்துபோகும். கெட்டுப்போன போர்டுகளில் நன்றாகப் பழகியவரன்றி மற்றவர் இதில் இறங்கவேண்டாம் என்பதே என் துணிபு. ஆனால் அதனால் வழியே இல்லை என்று ஆகிவிடாது. இன்று நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு மொபைல் சர்வீஸ் கடைகள் இருக்கின்றன; அங்குள்ள இளைஞர்கள் ஹாட் ஏர் கருவியை வைத்துக்கொண்டு இதைவிடச் சிறிய பாகங்களை நாள்தோறும் கழற்றி ஒட்டுகிறார்கள். கேமராவின் மெக்கானிசம் அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம், தெரியவேண்டியதும் இல்லை. சொந்தக்காரர் வீட்டிலேயே பிரித்து, போர்டை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொரு கெபாசிட்டரின் அளவையும் இடத்தையும் எழுதி, சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடத்தில் வாங்கிய புதிய பாகங்களோடு அவர்களிடம் கொடுத்தால், நுண்ணிய வேலை நிபுணர் கையிலும், பிரித்துப் பூட்டும் வேலை அக்கறையுள்ளவர் கையிலும் அமையும். இந்தப் பங்கீட்டை ஏனோ யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

சென்சார் போய்விட்டால் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. 2005 அக்டோபரில் சோனியே ஒப்புக்கொண்ட ஒரு குறை உண்டு: 2002 முதல் 2004 வரை அது செய்து, கேனன், நிக்கான், ஃபூஜிஃபில்ம் உள்ளிட்ட கம்பெனிகளுக்கும் விற்ற சி.சி.டி. சென்சார் சிலவற்றில், வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் உள்ளிணைப்பு விட்டுப்போய், படம் ஊதாவாகவோ கோணலாகவோ முற்றிலும் கறுப்பாகவோ தெரியலாயிற்று. நம் கடற்கரைப் பட்டினங்களின் சீதோஷ்ணம் அதற்கு எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. அப்போது இலவசமாக மாற்றித் தந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. ஆனால் இப்படிக் கண்ணிழந்த கேமராவைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. சென்சாருக்கும் நாடாவைப் படிப்பதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பார்வையற்ற அக்கேமரா பிளே நிலையில் நாடாவைப் பழுதறப் படித்துக் காட்டும். திருப்பித் திருப்பி மடக்கியதால் கீலில் ரிப்பன் கேபிள் முறிந்து, சிறு திரை இருண்ட கேமராவுக்கும் இது பொருந்தும். ஒயரைச் சொருகி டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே சொன்னவற்றில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் கேமராதான் கெடும். நாடாவில் உள்ளதே கைக்கெட்டாமற் போகும்படி செய்யக்கூடிய பிழை ஒன்று உண்டு, அது அலைன்மென்ட். டிரம்முக்கு இருபுறமும் நாடாவைத் தாங்கி நிற்கும் தூண்களின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கச் சிறு திருகுகள் உள்ளன. படத்தில் மேலோ கீழோ கோடு விழுவதைக் கண்டவர், இந்தத் திருகைச் சற்றே திருப்பிப் பார்ப்போம் என்று நினைப்பது இயல்பு. அத்திருகைப் பரீட்சை நாடாவும் ஆஸிலாஸ்கோப்பும் இன்றி, கண்ணால் பார்த்துத் திருப்புவது குருட்டு வேலை; பத்து மைக்ரான் கோட்டைக் கை உத்தேசத்தால் பிடிக்க இயலாது. அதனினும் ஆழமான காரணம் வேறு. தூண் சற்றே நகர்ந்துவிட்ட கேமரா, அந்தக் கோணலிலேயே கோடுகளை எழுதியிருக்கும். தன் கோணலைத் தானே சரியாகப் படித்தும்விடும். அந்த நாடாவைப் புத்தம்புதிய, சுத்தமான மற்றொரு கேமராவில் போட்டால் படம் சிதறும். இந்நிலையில் பழைய கேமராவைச் சாஸ்திரப்படி சரிசெய்தால், அது உலகத்து நாடாக்களையெல்லாம் படிக்கும், தான் எழுதிய நாடாவை மட்டும் படிக்காது! நேரம் மிச்சப்படும் என்று எல்.பி. வேகத்தில் பதிவு செய்தவற்றில் இது இன்னும் கடுமை. அவற்றில் கோட்டின் அகலம் பத்திலிருந்து 6.67 மைக்ரானாகக் குறைந்துவிடுவதால், எழுதிய கேமராவிலன்றி வேறெதிலும் ஒழுங்காக ஓடுவது நிச்சயமில்லை. எனவே, நாடாக்கள் அனைத்தும் மாற்றப்படும் வரையில் தூண் திருகுகளைத் தொடக்கூடாது என்பதை விலக்கில்லாத விதியாகக் கொள்ளவேண்டும். டிரம்மையே மாற்றும் வேலையும் அலைன்மென்டில்தான் வந்து முடியுமாதலால், அதுவும் வீட்டு வேலையன்று.

உதிரிபாகத்துக்கு இன்றைக்கு உள்ள ஒரே பெரிய ஊற்று, அதே மாடலில் வேறு காரணத்தால் கெட்ட இன்னொரு கேமரா. கண்ணிழந்தது ஒன்றும் கால் ஒடிந்தது ஒன்றுமாக இரண்டைச் சேர்த்து ஒன்றை எழுப்புவதில் தவறில்லை. எட்டு மில்லிமீட்டர் நாடா வைத்திருப்பவர்கள், 1999-இல் தோன்றிய டிஜிட்டல்-8 வகைக் கேமரா ஏதேனும் பழைய சந்தையில் கிடைக்கிறதா என்று விசாரிப்பது அதனினும் சிறந்தது. அவற்றில் பல மாடல்கள், எல்லாமும் அல்ல, பழைய வீடியோ-8, ஹை-8 நாடாக்களையும் படித்து நேரே டிஜிட்டலாகத் தந்துவிடும்.

பழுதுபார்க்கும் உரிமை குறித்த சட்டங்கள் இவ்விஷயத்தில் உதவுமா என்றும் பார்க்கவேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் தேதி பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தகவல் தளமொன்றைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய விதி துணி துவைக்கும் யந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி முதலியவற்றைப் பட்டியலிடுகிறது. வீடியோ கேமரா அந்தப் பட்டியலில் இல்லை. கலிஃபோர்னியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், நூறு டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள கருவிகளுக்கு, உற்பத்தி நின்றபின் ஏழாண்டு வரை உதிரிபாகமும் கையேடும் தரவேண்டும் என்கிறது. இவை வரவேற்கத்தக்கவையே, ஆனால் நாடா இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் கழித்துப் படிக்கப்படும் பொருளாக இருக்க, ஏழாண்டுக் கடமை அதற்கு எட்டாது. பாகம் தர முடியாவிட்டாலும், உற்பத்தியை நிறுத்திய மாடல்களின் சர்வீஸ் மேனுவலையாவது கம்பெனிகள் பொதுவில் வெளியிட வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஆகும் செலவு அற்பம், எண்ணற்ற குடும்பங்களுக்குக் கிட்டும் நன்மையோ பெரிது.

கேமரா ஓடத் தொடங்கியதும், இனி ஓடிக்கொண்டே இருக்கும் என்று நம்பி வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. எழுப்பப்பட்ட பழைய யந்திரம் மறுபடி எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல இயலாது. முக்கியமல்லாத ஒரு கேசட்டை ஓட்டி, நாடாவில் கீறலோ மடிப்போ விழவில்லை என்று உறுதிசெய்துகொண்டபின், அடுத்ததாக எடுக்கவேண்டியது குடும்பத்துக்கு மிக மிக அருமையான கேசட். வரிசைக்கிரமமாகவோ தேதிப்படியோ எடுப்பது இங்கே பொருந்தாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைக் கேமராவில் போடவே கூடாது. அது ஹெட்டை அடைப்பதோடு, அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் தொற்றும். நல்ல கேசட்டை முழுதும் ஒரு தடவை முன்னோட்டிப் பின்னோட்டினால் ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். மினி-டிவி நாடாவை ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினிக்கு ஏற்றினால், நாடாவிலுள்ள எண்களே தரம் குறையாமல் அப்படியே வந்து சேரும். ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். புதிய கணினிகளில் அந்தத் துளை இல்லையாதலால், அந்தத் துளையுள்ள பழைய கணினி ஒன்றையும் கேமராவோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டியிருக்கிறது. பழைய அனலாக் நாடாக்களை, கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் வீடியோ ஒயரைத் தவிர்த்து அதன் வழியாகவே எடுக்கவேண்டும். நிறம் கசியாமல் வரும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இரண்டு பிரதிகள் வெவ்வேறு டிஸ்க்குகளில் ஏறி, அவற்றை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபின்னரே, கேமராவின் பேட்டரியைக் கழற்றி அதை எடுத்து வைக்கலாம்.